எம் வண்டியின் புதுக்கோலம்

சென்ற ஆண்டு எம்முடன் கொல்லிமலைக்கு வந்த தாவரவியல் மாணவர் அறுவர், அப்பிரயாணத்தைக் குறித்து இம்மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தரவேண்டுமென்று எம்மை நெடுநாளாக வற்புறுத்தி வந்தனர். அவர்கள் எதிர்பார்ப்பது அம்மலையின் மரஞ்செடிகளைப் பற்றிய கட்டுரை என்பதை யாம் அறிவோம். ஆயினும் எழுதுகோலை எடுத்தபோது, செடிகளுக்கு முன்னே வந்து நின்றது எமது மோட்டார் வண்டியே. அதனைப் பற்றி எழுதி முடித்தாலன்றி வேறொன்றும் எழுத வராது போலும். அவர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக. பொறுக்கவேண்டுவது கட்டுரைப் பொருளை மாற்றியதை மட்டும் அன்று.

எம்மிடம் இருப்பது மகிந்திரா கம்பெனியார் 2000ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட பொலேரோ என்னும் இனத்தைச் சேர்ந்த வண்டி. பிறர் ஓட்டிக் கழித்ததை யாம் வாங்கினோம். அழகென்று சொல்லத்தக்கது அதனிடம் ஒன்றும் இல்லை. பெட்டியொன்றைச் சக்கரத்தின்மேல் வைத்தாற்போன்ற உருவம். கனத்த இரும்புச் சட்டம். பின்புறத்தில் லாரிக்கு இருப்பதுபோன்ற பட்டை வில். பின்கதவில் தொங்கும் மாற்றுச்சக்கரம். கிராமத்துச் சாலைகளில் போலீஸாரையும், காண்டிராக்டர்களையும், கலியாண வீட்டாரையும் சுமந்து செல்வது இதுவே. நான்கு ஆண்டுகள் எமக்கு அது ஒரு குறையுமின்றி உழைத்தது.

குறை வண்டியில் இல்லை, எம்மிடத்தில் இருந்தது. பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் கல்லூரிக்கு வந்தார். அவருடைய வண்டியும் எம்முடையது போன்றதே. ஆனால் கரிய வட்டுகள், முரட்டுப் பற்களையுடைய உயர்ந்த டயர்கள், தலைமேல் கருநிறக் கம்பித் தட்டு ஆகியவற்றோடு, அது காட்டெருமை போல் வேப்பமரத்தடியில் நின்றது. வகுப்பு முடிந்த மாணவர் அதனைச் சூழ்ந்து படம் பிடித்தனர். பக்கத்தில் நின்ற எம் வண்டியின்மேல் ஒருவன் தன் புத்தகங்களை வைத்துவிட்டு அதனைப் பார்க்கப் போனான். நாற்பத்தெட்டு வயதில் பொறாமை வராது என்று எண்ணியிருந்தோம்.

அன்றிரவு முதல் கைப்பேசியில் வண்டி அலங்காரப் படங்களைப் பார்ப்பது எமக்கு வழக்கமாயிற்று. வீட்டில் கேட்டபோது, மாணவரை மலைக்கு அழைத்துச் செல்கையில் சாமான் வைக்க இடம் போதவில்லை என்றோம். இது பொய்யன்று. ஆயினும் ஆசை முன்னும் காரணம் பின்னுமாக வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம்.

நகரத்துக் கடையொன்றில் வேலை ஒப்படைக்கப்பட்டது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களை அதற்குமுன் யாம் படித்ததே இல்லை. எம் பழைய டயரில் 215/75 ஆர் 15 என்று இருந்தது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. 15 என்பது உள்ளிருக்கும் வட்டின் விட்டம், அங்குலத்தில். ஆர் என்பது உள்நூல்கள் ஆரைபோல் குறுக்காக ஓடுவதைக் குறிக்கும். அதனையடுத்த 100 என்ற எண், அந்த டயர் ஒன்று 800 கிலோ வரை தாங்கும் என்பதற்கு அடையாளம். செடியின் பெயரை இலையைக் கண்டு சொல்லுகின்ற யாம், தினமும் எம்மைச் சுமக்கும் பொருளின் உடலில் எழுதியிருந்ததைப் படியாதிருந்தது வியப்பே.

யாம் தேர்ந்தவை 235/75 ஆர் 15. அகலம் 20 மில்லிமீட்டர்தான் கூடிற்று. ஆனால் பக்கச் சுவர் அகலத்தின் பங்காதலின் உயரமும் கூடவே வளர்ந்தது. சக்கரத்தின் முழு விட்டம் 703 மில்லிமீட்டரிலிருந்து 733க்கு ஏறிற்று. வட்டுகளும் மாற்றப்பட்டன. புதிய வட்டின் நடுத்தகடு உட்பக்கமாகத் தள்ளி அமைந்திருந்தமையால், சக்கரங்கள் ஒவ்வொரு பக்கமும் ஓரங்குலம் வெளியே பிதுங்கி நின்றன. அதுவே அழகென்றனர். கூரைமேல் இரும்புத் தட்டு ஏறியது. 'உரசாதா?' என்று கேட்டோம். 'ஒன்றும் ஆகாது ஸார்' என்ற விடை வந்தது. கேட்கவிரும்பிய விடை வந்தால் மறுகேள்வி கேட்பார் யார்? செலவு முக்கால் லட்சத்துக்கு மேல். பின்கதவின் மாற்றுச்சக்கரத்தை மட்டும் சிக்கனங்கருதிப் பழையதாகவே விட்டுவிட்டோம்.

துறையூரை அடுத்த எம் கிராமத்துக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றபோது எம் தந்தையார் திண்ணையில் இருந்தார். எண்பது வயதினர், வாழ்நாளில் பாதியை நிலக்கடலை மூட்டைகளோடு பாரவண்டியின்மேல் கழித்தவர். குடம், ஆரக்கால், வட்டை என்று மரச்சக்கரத்தின் உறுப்பெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரும்புப் பட்டையை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின்மேல் மாட்டி, நீர் ஊற்றியவுடன் அது சுருங்கி வட்டைகளை இறுகக் கவ்வும் காட்சியை எம்மைத் தோளில் தூக்கிக் காட்டியவரும் அவரே. அவரும் ஒருமுறை தம் வண்டியை மாற்றியவர்தாம். மரச்சக்கரங்களைக் கழற்றி லாரி டயர் பூட்டி, டயர் வண்டியாக்கினார். 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகச் செய்த காற்றடைத்த டயர், எங்கள் ஊர் மாட்டின் கழுத்தை எட்டுவதற்கு அத்தனை காலம் ஆயிற்று. அந்த மாற்றத்தால் அதே பாரத்தை மாடுகள் எளிதாக இழுத்தன. யாம் அறிய அவர் அதனைப் படம் பிடித்து யாருக்கும் காட்டியதில்லை.

எம் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். சக்கரத்தை ஒன்றும் சொல்லவில்லை. கூரைமேல் இருந்த தட்டை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"பாரம் மேலே ஏறினால் வண்டி உன் பேச்சைக் கேட்காது, தம்பி. வைக்கோல் பாரத்துக்கு ஊரைச் சுற்றியாவது மேடு பள்ளம் இல்லாத வழியில்தான் போவோம்" என்றார்.

மாட்டு வண்டிக் கணக்கு மோட்டாருக்கு ஒவ்வாது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

புகழ் நாட்கள் சில கழிந்தன. கல்லூரி வாயிலில் மாணவர் திரும்பிப் பார்த்தனர். அதனை மறைக்கவேண்டியதில்லை, இனிமையாகவே இருந்தது. பின்னர்ச் சிறு தொல்லைகள் தலைகாட்டின. வெளியே பிதுங்கிய சக்கரம் மழைநாளில் சேற்றைக் கதவின்மேலும், சைக்கிளில் வந்த பால்காரர்மேலும் வாரி இறைத்தது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய வண்டி 11½க்கு இறங்கியது. இதனை எம் கணித நண்பரிடம் முறையிட்டபோது அவர் மகிழ்ந்து போனார். "சக்கரம் பெரிதாகிவிட்டது, தூரங்காட்டியோ பழைய சக்கரத்துக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது. நீங்கள் 1,000 கிலோமீட்டர் போனால் அது 959 என்று காட்டும். ஆகவே உண்மைக் கணக்கு 12, நட்டம் நீங்கள் நினைத்த அளவு இல்லை" என்றார். தூரம் பொய்யானால் வேகமும் பொய்தானே என்று எமக்கு அப்போது தோன்றவில்லை. முள் 60 என்று காட்டும்போது வண்டி 62½க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பெரிய சக்கரத்தை உருட்ட எஞ்சின் கூடுதலாக வருந்துவதுபோலவே, அதனை நிறுத்தப் பிரேக்கும் கூடுதலாக வருந்தவேண்டும். அதுவும் தோன்றவில்லை.

இனி மலைக்கு வருவோம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளியை அடைந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த பலகை உண்டு. வண்டிக்குள் மாணவர் அறுவர்; தலைமேல் அவர்களுடைய பைகள், செடிகளை வைத்து அழுத்தும் மரச்சட்டங்கள், பழைய செய்தித்தாள் கட்டுகள், கூடாரம், தண்ணீர்க் கேன் இரண்டு. பின்னர் நிறுத்துப் பார்த்தபோது அம்மூட்டை 130 கிலோ.

இருபதாம் வளைவுக்கு அப்பால், திரும்புந்தோறும் முன்சக்கரத்தில் சர்ரென்று ஓர் ஓசை எழுந்தது. பின்னிருக்கையிலிருந்த மாணவி, "ஐயா, ரப்பர் கருகுகிற வாடை வருகிறது" என்றாள்.

"மலையேறும்போது எல்லா வண்டியிலும் அப்படித்தான், அம்மா" என்றோம்.

இவ்வொரு வாக்கியத்தைத்தான் யாம் இக்கட்டுரையில் எழுதத் தயங்கியது. அவள் சொன்னது உண்மையென்பதை எம் மூக்கும் அறிந்தது. நிறுத்தி இறங்கியிருந்தால், புதிய சக்கரம் மண்காப்புத் தகட்டின் விளிம்பில் உரசி டயரின் தோளைச் சீவிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டிருக்கும். நிறுத்தவில்லை. அந்தச் சக்கரங்களை வியந்த மாணவர் முன்னிலையில் அவற்றைக் குனிந்து பரிசோதிக்க எமக்கு மனம் வரவில்லை.

நாற்பத்துமூன்றாம் வளைவில் மேலிருந்து பேருந்து ஒன்று இறங்கி வந்தது. அதற்கு வழிவிட யாம் சற்று விரைவாகவே உட்பக்கம் ஒடித்தோம். உட்சக்கரம் சாலையோரத்து உடைந்த கல்லின்மேல் ஏறியது. வண்டி பள்ளத்தாக்கின் பக்கமாகச் சாய்ந்தது. தலைமேல் மூட்டை கயிற்றோடு நகரும் ஓசை கேட்டது. ஒரு கணம், எப்பக்கம் போவதென்று ஆலோசிப்பதுபோல வண்டி நின்றது. பிறகு தொப்பென்று நான்கு காலில் இறங்கியது. நடந்தது இவ்வளவே. பேருந்து ஓட்டுநர் எம்மை ஏறிட்டு நோக்கி, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இறங்கிப் பார்த்தோம். தட்டின் பிடிகள் நான்கு விரற்கடை நகர்ந்து, கூரையின் விளிம்பு நெளிந்திருந்தது. மாணவர் ஒருவரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து அம்மாணவியே, "ஐயா, மீதித் தூரம் நாங்கள் பஸ்ஸில் வரலாமா?" என்று கேட்டாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. அனுமதி கேட்கும் பணிவே இருந்தது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

அடுத்த பஸ்ஸில் அறுவரும் பைகளோடு ஏறினர். எஞ்சிய 27 வளைவுகளையும் யாம் தனியே ஏறினோம். பின்னே ஆறு இருக்கைகள் காலி. பஸ்ஸின் பின்கண்ணாடியில் அவர்கள் முகங்கள் தெரிந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அவை மேலே போய்க்கொண்டிருந்தன.

திரும்பிய பின் பௌதிக ஆசிரியர் ஒருவர் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆட்களோடு வண்டியின் எடை 2,000 கிலோ, பார மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், 2 மீட்டர் உயரத்தில் வைத்த 130 கிலோ அம்மையத்தை 7½ சென்டிமீட்டர் உயர்த்தும். பெரிய டயர்கள் மேலும் 1½ உயர்த்தும். ஆக 9 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஐந்து விரற்கடை. சட்டம் பயிற்றும் பழைய மாணவர் ஒருவர் தம் பங்குக்கு, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும், உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துதல் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உரைத்த தீர்ப்பையும் எடுத்துக் காட்டினார். தந்தையாரிடமும் நடந்ததைச் சொன்னோம். வைக்கோல் பாரத்தை அவர் நினைவூட்டவில்லை. "பிள்ளைகள் பயந்துவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றோம். தலையாட்டிவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

பழைய வட்டுகள் வீட்டுப் பரணிலேயே இருந்தன. அவற்றுக்கு 215 அளவில் புதிய டயர்கள், இம்முறை மாற்றுச்சக்கரத்தோடு ஐந்தாக, வாங்கினோம். வண்டி பழையபடி பெட்டிபோலாயிற்று. கரிய வட்டுகளை வாங்க ஓர் இளைஞர் வந்தார். விலை பேசுமுன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். கூரைத் தட்டைக் கேட்பார் இல்லை. அதனைக் கொல்லையில் நான்கு கல்லின்மேல் நிறுத்தியதில் அவரைக்கொடி படர்ந்திருக்கிறது. தை மாதத்தில் நன்றாகக் காய்த்தது.

இவ்வாண்டும் கொல்லிமலைப் பயணம் உண்டு. மரச்சட்டங்களும் மூட்டைகளும் முதல்நாளே பஸ்ஸில் போய்விட்டன. புறப்படும் காலையில் முதலில் வந்தவள் அம்மாணவிதான். இப்போது இறுதியாண்டில் இருக்கிறாள். வணக்கம் சொன்னாள். ஏறுவதற்கு முன், முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து டயரின் எண்ணைப் படித்துப் பார்த்தாள். பின்னர் நிமிர்ந்து, கதவைத் திறந்து, உள்ளே அமர்ந்தாள்.