ஈஜிபுராவில் ஒரு டர்போ குழாய்

பெங்களூர் ஈஜிபுரா சிக்னல் பக்கம், 2017-இல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போன மேம்பாலத்தின் தூண்களைத் தாண்டினால், குறுக்குத்தெரு ஒன்றில் அந்தப் பட்டறை. உள்ளே மாருதி ஜிப்சி ஒன்று பானெட் இல்லாமல் நிற்கிறது. பந்தயத் தடத்துக்கு மட்டும் போகும் வண்டி. 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ ஏற்றியாயிற்று. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள்தான் பாக்கி. அவற்றை எந்த உலோகத்தில் போடுவது என்று பேச்சு நடக்கிறது.

வெல்டர் கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கம் மூடியபின் பிழைப்புக்குப் பெங்களூரை நம்பிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

“அலுமினியமே போடுங்கண்ணா, சூடு சட்டுனு இறங்கிடும்” என்கிறார் வண்டிக்கார இளைஞர்.

“இறங்குறது மட்டுமா தம்பி? வண்டி நின்னுச்சுன்னா எஞ்சின் சூட்டையும் அதேதான் உள்ள இழுக்கும்.”

அவர் சொல்வது சரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட அலுமினியம் ஏறத்தாழ பத்து மடங்கு வெப்பம் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் இந்த எஞ்சின் 6,000 சுற்றில் நொடிக்கு 65 லிட்டர் காற்றை இழுக்கிறது. 50 மி.மீ. குழாயில் அது நொடிக்கு 33 மீட்டர் வேகம். ஒரு மீட்டரைக் கடக்க நொடியில் நூற்றில் மூன்று பங்கு போதும். அதற்குள் குழாய்ச்சுவர் அந்தக் காற்றைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. குளிர்விப்பது இன்டர்கூலரின் வேலை. துரு, எடை, அதிர்வு, ஆர்கான் வெல்டிங் போடும் கை ஆகியவற்றை வைத்துத்தான் உலோகத்தை முடிவுசெய்ய வேண்டும்.

எம்.எஸ். என்கிற மைல்ட் ஸ்டீல் குழாய் மலிவு. ஆனால் ஏர் ஃபில்டர் இருப்பது டர்போவுக்கு முன்னால். இன்டர்கூலரைத் தாண்டிய குழாய் உள்ளே துருப்பிடித்தால், உதிரும் செதில் நேராக எஞ்சினுக்குள் போகும். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிப்பது பெரும் தவறு.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) துருவையும் தாங்கும், சூட்டையும் தாங்கும். எடைதான் இடிக்கிறது. 1.5 மி.மீ. தடிமனுள்ள 2 அங்குல எஸ்.எஸ். குழாய் மீட்டருக்குச் சுமார் 1.85 கிலோ, 2 மி.மீ. அலுமினியமோ 830 கிராம்தான். வெல்டிங் போடும்போது எஸ்.எஸ். குழாயின் உள்ளேயும் ஆர்கான் பாய வேண்டும். இல்லாவிட்டால் தையலின் உள்பக்கம் கருகிச் சொரசொரத்துப் பொரியும். அதுவும் ஒருநாள் உதிரும்.

அலுமினியத்தின் பக்குவமே வேறு. மேலே படியும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்; அடியிலுள்ள உலோகம் 660 டிகிரியைத் தாண்டாது. அதனால் மெஷினை ஏசி மின்னோட்டத்தில் வைத்து, படலத்தை உடைத்துக்கொண்டே போக வேண்டும். வெல்டர் அசிட்டோனில் துடைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறார். எனக்கும் ஒரு ஹெல்மெட் தருகிறார்கள். அவர் கால் பெடலை மெல்ல அழுத்த, மங்கிக் கிடந்த விளிம்பு திடீரென்று கண்ணாடிபோல் மின்னுகிறது. அந்த நொடியில் ஃபில்லர் கம்பி தொட்டு விலகுகிறது. ஒரு சொட்டு, சிறு நகர்வு, மறுபடி ஒரு சொட்டு. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே உருகி விழுந்து ஓட்டையாகிவிடும். மின்னலைக் கண் பிடித்த கணத்தில் கால் தளர வேண்டும். இந்தக் கைத்திறன்தான் குழாயின் உண்மையான விலை என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில், எக்ஸாஸ்டை ஒட்டிப் போகும் முதல் துண்டு எஸ்.எஸ்., மீதியெல்லாம் அலுமினியம் என்று முடிவாகிறது. எஞ்சின் குலுங்கும், இன்டர்கூலர் சேஸிஸோடு நிற்கும். நடுவே சிலிகோன் ஓஸ் இல்லாவிட்டால் அலுமினியத் தையல் நாளடைவில் விரிசல் விடும். அந்த ஓஸ் கழன்று வராதபடி குழாய் முனையைச் சுற்றி உருளையால் ஒரு வரம்பு எழுப்புகிறார் உதவியாள். 1 பார் அழுத்தமென்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. 2 அங்குல வாயில் அது 20 கிலோ தள்ளு. வழவழப்பான முனையில், எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துவிட்டால், கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் நழுவும்.

முனைகளை அடைத்துக் கம்ப்ரஸர் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள். இரண்டாவது வளைவின் தையலில் குமிழ் வருகிறது. மேலே பூசி மறைக்காமல் அந்த இடத்தை முழுதாக அரைத்தெடுக்கச் சொல்கிறார் வெல்டர். உதவியாள் கிரைண்டரை எடுக்கிறார்.