வரிசையின் கடைசி எங்கே?

கைஹின் மகுஹாரி ரயில் நிலையத்தில் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இங்க என்னடா கோயில்?" என்பதுதான். கேட்டதில் தப்பில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ரயில்கள் இறக்கிவிட்டுப் போன கூட்டம் அத்தனையும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தது. தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். முண்டியடிப்பு இல்லை, சத்தம் இல்லை. பழனி பாதயாத்திரையிலிருந்து அரோகராவை மட்டும் எடுத்துவிட்டது போல.

கோயில் இல்லை. வீடியோ கேம் திருவிழா. 2024 செப்டம்பர் 28, டோக்கியோ கேம் ஷோவின் மூன்றாம் நாள். முதல் இரண்டு நாட்கள் தொழில்துறையினருக்கு, அடுத்த இரண்டு நாட்கள் பொதுமக்களுக்கு. பெயரில்தான் டோக்கியோ, நடப்பது பக்கத்து மாவட்டமான சிபாவில், கடலை ஒட்டிய மகுஹாரி மெஸ்ஸே என்ற பிரம்மாண்டமான கண்காட்சி வளாகத்தில்.

எழுபத்திரண்டு வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் அங்கே போனது வேடிக்கை பார்க்க அல்ல. ஒரு விதத்தில் பஞ்சாயத்துக்கு. அக்கா மகனுக்கு 14 வயது. அவனை டோக்கியோவிலேயே வைத்துக்கொள்வதா, எங்களோடு மதுரைக்கு அனுப்பி ஹாஸ்டலில் சேர்ப்பதா என்பது வழக்கு. குற்றச்சாட்டு: கேம். அக்கா போனில் அழுதிருந்தாள். "நீ தாய்மாமன். ஒரு தடவை வந்து நேர்ல பாரு. அப்புறம் நீ என்ன சொல்றியோ அதுதான்." அடுத்த வாரம் திரும்பும் விமானத்தில் எங்கள் இருவர் பெயரோடு அவன் பெயரிலும் ஒரு டிக்கெட் போட்டாகிவிட்டது. அது அவனுக்குத் தெரியாது.

அக்கா குடும்பம் இருப்பது நிஷி கசாயில். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் பகுதி அது. 2000-ஆம் ஆண்டில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஸ்தம்பித்துவிடும் என்று உலகம் பயந்தபோது அதைச் சரிசெய்ய வந்த நம் இன்ஜினியர்கள், அலுவலகப் பகுதிகளுக்கு நேராகப் போகும் டோசாய் ரயில் பாதையைப் பார்த்து அங்கே குடியேறினார்கள். ஜாமீன்தாரர் கேட்காத பொதுத்துறைக் குடியிருப்புகளும் ஒரு காரணம். இன்று அங்கே மளிகைக் கடையில் துவரம்பருப்பு முதல் அப்பளம் வரை கிடைக்கிறது. பிள்ளைகளை இந்தியப் பள்ளியில் சேர்ப்பதுதான் அங்கே வழக்கம். அத்தான் மட்டும், இந்த ஊரில் இருக்கிறவன் இந்த ஊர் மொழியில் படிக்கட்டும் என்று மகனை ஜப்பானியப் பள்ளியில் சேர்த்தார். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. சென்னையிலிருந்து போன புதிதில் ஒரு வருடம் அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். வீட்டில் கேட்டால் 'ம்' மட்டும். அந்த 'ம்' இன்றுவரை நீடிக்கிறது என்பதுதான் அக்காவின் கவலை.

அக்கா சும்மா பயப்படுகிறவள் அல்ல, படித்துவிட்டுப் பயப்படுகிறவள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்ததையும், அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததையும் சொன்னாள். விளையாட்டின் மீது கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல் போவது, இது பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது. போனில் அந்தப் பகுதியைப் படமெடுத்து வைத்திருந்தாள். ஜப்பானிலேயே ககாவா மாவட்டம் 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது: 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பள்ளி நாட்களில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம் என்று குடும்பங்கள் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். மீறினால் தண்டனை கிடையாது. எங்களுக்குத் தண்டனையே இல்லாத சட்டமா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அங்கே ஒரு பள்ளி மாணவன் அதை எதிர்த்து வழக்கே போட்டான், 2022-ல் தோற்றான்.

அம்மாவின் பயம் வேறு. எங்கள் குடும்பத்தில் 'கேம்' என்ற சொல்லை உரக்கச் சொல்ல முடியாது. சித்தப்பா மகன் ஒருவன் செல்போனில் ரம்மி ஆடி நாலு லட்ச ரூபாய் தொலைத்தான். அவன் மனைவியின் நகைகள் போயின. அவன் உயிரோடு இருக்கிறான், அந்த அளவில் எங்களுக்கு அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லாத வீடுகள் பல. 2022-ல் மாநில அரசு சட்டம் போட்டது. அது ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று அடுத்த வருடமே உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நாங்கள் மகுஹாரிக்குப் போன நாளில் அதெல்லாம் நடக்கவில்லை. அம்மாவுக்கு அன்று கேம் என்றால் நகை போகும் வழி.

இந்தப் பின்னணியோடு உள்ளே நுழைந்தோம். நாங்கள் ஐந்து பேர். அவனுடைய வகுப்புத் தோழன் குடும்பம் நான்கு பேர்: பையன், ஏழு வயதுத் தங்கை, அப்பா, அம்மா.

மகுஹாரி மெஸ்ஸே 1989-ல் திறக்கப்பட்டது. மொத்தம் 11 அரங்குகள். முதல் எட்டும் ஒரே நீளக் கூரையின் கீழ்; மற்ற மூன்றுக்கு நடந்து போக வேண்டும். கேம் ஷோ தொடங்கியது 1996-ல். ஆரம்பத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை நடந்தது, பிறகு ஒன்றானது. கொரோனாவில் 2020, 2021 இரண்டு வருடமும் கூட்டம் கூட வழியில்லாமல் இணையத்துக்குப் போனது. அமெரிக்காவின் புகழ்பெற்ற இ3 கண்காட்சி அந்த அடியிலிருந்து எழவே இல்லை. 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். ஜப்பானியர்கள் திரும்பி வந்தார்கள். 2024-ல் அந்த நான்கு நாட்களில் வந்தவர்கள் ஏறத்தாழ 2.75 லட்சம் பேர்.

உள்ளே சத்தம் காதை அடைத்தது. வீடு உயரத் திரைகள், அதில் தீ கக்கும் மிருகங்கள், மேடையில் ஒலிபெருக்கியோடு யாரோ. வெளியே தனி இடத்தில் வேஷம் கட்டியவர்கள். வேஷத்தோடு ரயிலில் வரக் கூடாது. இங்கே வந்து உடை மாற்றும் அறையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளை முடியும் ஆளுயர அட்டை வாளுமாக நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து அம்மா, "நம்ம ஊர்ல காளி வேஷம் இதைவிட நல்லா இருக்கும்" என்றாள். வியாபாரச் சத்தத்தை விடுங்கள். எனக்குப் பிடித்தது வரிசை.

ஒவ்வொரு அரங்கிலும், புதிதாக வர இருக்கும் ஆட்டத்தைப் பதினைந்து இருபது நிமிடம் ஆடிப் பார்க்கலாம். அதற்குத்தான் இத்தனை கூட்டம். வரிசை வளைந்து, மடங்கி, சில இடங்களில் கட்டடத்துக்கு வெளியேயும் போகிறது. அதன் கடைசியில் ஓர் ஊழியர் கம்பில் பொருத்திய பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். 'சாய்கோபி' என்று எழுதியிருக்கிறது. வரிசையின் கடைசி என்று பொருள். புதிதாக ஒருவர் வந்தால் பலகை ஓரடி பின்னால் நகர்கிறது. இங்கிருந்து 120 நிமிடம் என்று இன்னொரு பலகை. சில ஆட்டங்களுக்குக் காலையிலேயே நேரம் போட்ட சீட்டு கொடுத்து, தீர்ந்தவுடன் வரிசையை மூடிவிடுகிறார்கள். கெஞ்சிப் பார்க்க ஆள் கிடையாது, தெரிந்தவர் மூலம் உள்ளே போக வழியும் கிடையாது. ரேஷன் கடையிலிருந்து திருப்பதி வரை வரிசையில் நின்று வளர்ந்த நான், கடைசி எங்கே என்று தேட வேண்டியிராத ஒரு வரிசையை அன்றுதான் பார்த்தேன்.

'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' என்ற வேட்டை ஆட்டம் 2025 பிப்ரவரியில் வெளிவர இருந்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம், நாள் முழுதும் அங்கேயே போய்விடும் என்று பையன்களே முடிவு செய்தார்கள். இன்னொரு அரங்கில் 90 நிமிடம் நின்றோம். முன்னால் போனதும் ஊழியர் இரு பையன்களின் வயதைக் கேட்டார். ஜப்பானில் ஆட்டங்களுக்கு ஏ, பி, சி, டி, இசட் என்று வயதுச் சான்றிதழ் உண்டு. இசட் என்றால் 18 நிரம்பியிருக்க வேண்டும். இவர்கள் நின்றது பெரியவர்களுக்கான ஆட்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்றரை மணி நேரம் வீண். நான் கோபப்படத் தயாரானேன். அம்மா, "வயசு கேக்கிறாங்களே!" என்று ஆச்சரியப்பட்டாள். சித்தப்பா மகனிடம் அந்த ஆட்டம் எதையும் கேட்டதில்லை.

மதியம் நடைபாதைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கட்டிக்கொண்டு வந்த புளியோதரை, தயிர்சாதம். அவர்கள் சோற்று உருண்டைகள் கொண்டுவந்திருந்தார்கள். எதில் மீன் இருக்கிறது, எதில் இல்லை என்று அந்த அம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். புளியோதரையை ஒரு வாய் வைத்ததும் கண்ணை இடுக்கி, "உமேபோஷி!" என்றார். அவர்கள் ஊர் உப்புக் கண்ட புளிப்புப் பழம். இரண்டாம் வாயும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தோழனின் அப்பாவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம். எனக்கு ஜப்பானிய மொழி சுத்தமாக இல்லை. சிறு வயதில் என்ன ஆடினீர்கள் என்றேன். "ஃபேமிகாம்" என்றார். 1983-ல் வந்த நின்டென்டோ பெட்டி. அதன் நகல் ஒன்று 1993-ல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா சென்னைக்குப் போனபோது பர்மா பஜாரில் வாங்கி வந்தார். உள்ளே 9999 ஆட்டங்கள் என்று கேசட்டின் மேல் எழுதியிருந்தது; எண்ணிப் பார்த்தால் பத்துகூடத் தேறாது. ஆட்டம் வராவிட்டால் அப்பா கேசட்டை வெளியே எடுத்து, அதன் வாயில் ஊதி, திரும்பச் செருகுவார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இரு கையாலும் எதையோ பிடிப்பது போல் காட்டி 'ஃபூ' என்று ஊதினேன். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு தானும் ஊதினார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். அப்பா போய் ஆறு வருடமாகிறது.

பிற்பகலில் அந்தச் சிறுமிக்காகக் குடும்பப் பகுதிக்குப் போனோம். நடுநிலைப் பள்ளி வரையிலான பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்து வருபவர்களுக்கும் மட்டுமான இடம். பிள்ளை இல்லாமல் பெரியவர் நுழைய முடியாது. அக்காவும் அத்தானும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பையன்கள் இருவரும் அம்மாவையும் என்னையும், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டம் செய்யும் சிறு குழுக்களின் பகுதிக்கு இழுத்துப் போனார்கள். பெரிய திரை இல்லை, மேடை இல்லை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பின்னால் செய்தவரே நிற்கிறார். நம் புத்தகக் காட்சியில் கவிஞரே தன் புத்தகத்தோடு நிற்பது போல.

ஒரு மேஜையில் அக்கா மகன் உட்கார்ந்தான். ஒரு கிழவர் தீவுத் தீவாகப் படகில் போய்க் கடிதம் கொடுக்கும் ஆட்டம். பத்து நிமிடம் ஆடியவன் நிறுத்தி, செய்தவரைத் திரும்பிப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். ஏதோ ஓர் இடத்தில் படகு சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது. அதை மறுபடி செய்து காட்டினான். அந்த இளைஞர் சட்டென்று நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். வேறு என்ன என்று கேட்டார். இவன் சொல்லிக்கொண்டே போனான். கை ஆட்டி, எழுந்து நின்று, இடையில் சிரித்து. அவன் குரல் உடைந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வந்து நான்கு நாளில் அவன் என்னிடம் சொன்ன மொத்தச் சொற்களைவிட அந்தக் கால் மணியில் அதிகம் பேசியிருப்பான்.

"உன் பாட்டி ஆடிப் பார்ப்பாரா என்று கேட்கிறார்" என்றான் எங்களிடம் திரும்பி.

அம்மா உட்காரவில்லை. "காசு கட்டணுமா?" என்றாள். அவன் மொழிபெயர்த்தான். இளைஞர் பதறிப்போய் இரு கைகளையும் ஆட்டினார். "இதுல காசே கிடையாது பாட்டி. அது வேற. சித்தப்பா ஆடினது வேற" என்றான் பையன். அந்தக் கதை அவனுக்குத் தெரியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

முழு உண்மையும் அதுவல்ல. அவன் போனில் இருக்கும் சில ஆட்டங்களில் காசு கட்டிக் கட்டி அதிர்ஷ்டச் சீட்டு போல எதையோ திறக்க வேண்டும். அதில் ஒரு வகையை 2012-ல் ஜப்பானிய அரசே சட்டவிரோதம் என்றது, மற்ற வகைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அன்றைய பெரிய திரைகளில் பலவும் அந்தக் காசில்தான் எழுந்து நின்றன. அதைப் பிறகு அவனிடம் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் பேசவில்லை.

அம்மா உட்கார்ந்தாள். பேரன் அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தான். படகு முதலில் பின்னால் போயிற்று, பிறகு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தீவில் முதல் கடிதத்தைக் கொடுத்து முடித்தபோது அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா முப்பத்து நான்கு வருடம் தபால்காரர்.

திரும்பும்போது கூட்டம் அதேபோல ஒழுங்காக நிலையத்துக்கு நடந்தது. நிஷி ஃபுனபாஷியில் வண்டி மாறினோம். பையன்கள் இருவரும் எதிர் இருக்கையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்மாமன் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். நான் தொண்டையைச் செருமினேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "ஏண்டா தம்பி, அந்த டிக்கெட்டை ரத்து பண்ணினா எவ்வளவு பிடிச்சுக்குவாங்க?"