ஒட்டும், ஆனால் உண்ணாது

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நடந்து போகிறவர்கள் வழியிலுள்ள பெரிய மழைமரங்களைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கிளைக் கவட்டில் யாரோ பச்சைக் கூடையைச் சொருகி வைத்ததுபோல் ஒரு செடி உட்கார்ந்திருக்கும். அதுதான் பறவைக்கூட்டுப் பெரணி. 1753-இல் லின்னேயஸ் அதற்கு ‘அஸ்பிளீனியம் நைடஸ்’ என்று பெயர் வைத்தார். நைடஸ் என்றால் இலத்தீனில் கூடு. மலாய்க்காரர்கள் ‘பாக்கு லங்சுயர்’ என்பார்கள். லங்சுயர் என்ற பெண் ஆவி அதில் தங்கும் என்பது பழைய நம்பிக்கை.

எங்கள் வீட்டு மாமரத்திலும் ஒன்று இருக்கிறது. அப்பா தேங்காய் நாரில் பொதிந்து கட்டியது. அவர் போய் நான்கு வருடமாகிறது. சென்ற ஆண்டு மாமரம் ஒரு பக்கமாகக் காயத் தொடங்கியதும் சித்தப்பா பாராங் கத்தியோடு வந்துவிட்டார்.

“இது ஒட்டுண்ணிம்மா. மரத்துச் சத்தையெல்லாம் உறிஞ்சுது. அண்ணன் ஆசையா வச்சாருன்னு விட்டா மரமே போயிடும்.”

அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

வானொலியில் இருப்பதால் ஒரு சொல்லை வாயில் போடும் முன் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. இந்தப் பெரணி ஒட்டுகிறது, சரி. உண்கிறதா? இல்லை. அதன் வேர்கள் பட்டையைப் பிடித்துக்கொள்கின்றன, உள்ளே நுழைவதில்லை. இலைகள் வட்டமாக விரிந்து, மேலிருந்து விழும் சருகையும் மழைநீரையும் ஏந்துகின்றன. சருகு மக்கி உரமாகிறது. இடம் மட்டும் மரத்தினுடையது, சாப்பாடு சொந்தச் சமையல். தாவரவியலில் இதற்குத் தொற்றுத்தாவரம் என்று தனிப்பெயரே உண்டு.

இலையின் அடியில் வரிவரியாகப் பழுப்புக் கோடுகளைப் பார்த்து நோய் என்று மருந்து அடிப்பவர்களும் உண்டு. அது நோயல்ல, சிதல்கள் உருவாகும் இடம். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. தூசி போன்ற இந்தச் சிதல்கள் காற்றில் பறந்துதான் அடுத்த மரத்துக்குப் போகின்றன.

அப்படியானால் மாமரம் ஏன் காய்ந்தது? காய்ந்த பக்கத்தில் ஏணி போட்டுப் பார்த்தோம். ஆரஞ்சு நிறப் பூவோடு புல்லுருவி அடர்ந்திருந்தது. தேன் குடிக்கக் குருவி வருகிறதே என்று நாங்கள் எல்லோரும் ரசித்துக்கொண்டிருந்த கொடி! அதுதான் உண்மையான ஒட்டுண்ணி. கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கி மரத்தின் நீரைக் குடிக்கும். பழத்தைத் தின்ற குருவியின் எச்சத்தோடு அதன் பிசுபிசுப்பான விதை அடுத்த கிளையில் ஒட்டிக்கொள்ளும்.

சித்தப்பா சொன்னதில் ஒன்றை மட்டும் தள்ள முடியாது: மரத்துக்குப் பாரம். சபாவின் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் ஆய்வு செய்தவர்கள், நனைந்த ஒரு பெரிய பெரணி 200 கிலோ வரை இருக்கும் என்று 2004-இல் எழுதினார்கள். அந்த ஒரே கூட்டுக்குள் வாழும் பூச்சி புழுக்களின் எடை, மரத்தின் மற்ற உச்சிப்பகுதி முழுவதிலும் இருப்பதற்குச் சமமாக இருக்கக்கூடுமாம். ஆகவே கிளை உளுத்திருந்தாலோ, கீழே ஆள் நடமாட்டம் இருந்தாலோ இறக்கித்தான் ஆகவேண்டும். வெட்டி எறியத் தேவையில்லை. தேங்காய் மட்டைத் துண்டுகள் நிரப்பிய தொட்டியில், உச்சி வெயில் படாத இடத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் மரத்தில் கிளை உறுதியாகவே இருந்தது. புல்லுருவி பிடித்த கிளையை மட்டும் சித்தப்பாவே வெட்டிக் கொடுத்தார். இந்த வருடம் மாமரம் பூத்திருக்கிறது. சித்தப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை. வரும்போதெல்லாம் பெரணியைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார். ஆனால் போன வாரம் அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்ற, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.