தரைக்கடியில் ஒரு தாழி, தாழிக்குள் ஒயின்

ஜார்ஜியா என்றதும் அமெரிக்க மாநிலம் ஞாபகத்துக்கு வருகிறதா? இது வேறு. காகசஸ் மலைக்குத் தெற்கே இருக்கிற குட்டி நாடு. நம்மூர்ப் பிள்ளைகள் பலர் எம்.பி.பி.எஸ். படிக்கப் போகிறார்களே, அதே ஜார்ஜியா. தலைநகர் திபிலீசியிலிருந்து கொம்போரி கணவாயைத் தாண்டி இரண்டு மணி நேரம் காரில் போனால் ககேத்தி. வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். கிராமத்து வீடுகளில் ஒயினும் வீட்டிலேயேதான் தயாராகிறது.

எனக்கு ஒயின் பழக்கமில்லை. நான் பார்க்கப் போனது அதை வைத்திருக்கும் விதத்தை.

பாட்டில்கள் அடுக்கிய அலமாரியைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். 'மரானி' என்ற அறைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே வெறும் தரை. தரையில் வட்ட வட்டமாகச் சில மூடிகள். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் கழுத்துவரை புதைத்த ஒரு மண் தாழி. 'க்வெவ்ரி' என்கிறார்கள். முட்டை வடிவம், அடிப்பக்கம் கூர்மை. ஆயிரம் லிட்டர் பிடிப்பதும் உண்டு.

ரெட் ஒயினுக்கு ஆகாதவை மூன்று: சூடு, வெளிச்சம், காற்று. வெளியே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும் மண்ணுக்குள் வெப்பம் 14 டிகிரி வாக்கில் அசையாமல் நிற்கும். கரன்ட் பில் வராத ஃப்ரிட்ஜ்! வெளிச்சம் எட்டிப்பார்க்க வழியில்லை. காற்றைத் தடுக்க, மூடியைச் சுற்றி ஈரக் களிமண் பூசி அடைக்கிறார்கள். தாழியின் உள்சுவரில் ஏற்கெனவே தேன்மெழுகு தடவியிருக்கும்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். சொந்தபந்தம் எல்லாம் தோட்டத்தில் கூடிவிடும். 'சபெராவி' என்ற கறுப்புத் திராட்சைக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. பெயருக்கே 'சாயம்' என்றுதான் அர்த்தம். நசுக்கிய பழத்தைத் தோலும் விதையுமாகத் தாழியில் கொட்டினால் பொங்கிவரும். மேலே திரளும் தோலைத் தினமும் மூன்று, நான்கு தடவை கட்டையால் உள்ளே அழுத்த வேண்டும். பொங்கி அடங்கியதும் வேறு தாழிக்கு மாற்றி மூடுவார்கள். புது சபெராவி நாக்கைச் சுருட்டும் துவர்ப்பாம். அந்தத் துவர்ப்பு தணியத்தான் மாதங்களும் சில சமயம் வருடங்களும் காத்திருப்பது.

தெற்கு ஜார்ஜியாவில் கிடைத்த பானை ஓடுகளில் 8,000 ஆண்டு பழைய ஒயின் தடயம் இருப்பதாக 2017-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2013-லேயே இந்தத் தாழி முறையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பெருமையெல்லாம் சரி, வேலை லேசானதல்ல. தாழியைத் திறந்துவிட்டால் காற்று பட்டு ஒயின் கெட ஆரம்பிக்கும். சீக்கிரம் காலிசெய்ய வேண்டும், அல்லது சின்னப் பாத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். அதனால் தாழி திறக்கிற நாளில் ஊரையே கூப்பிடுகிறார்கள். காலியானதும் கழுவ வேண்டும். சின்னத் தாழி என்றால் நீளக் குச்சியில் செர்ரி மரப்பட்டை கட்டித் தேய்க்கலாம். பெரிய தாழிக்குள் ஆள்தான் இறங்கியாக வேண்டும். சரியாகக் கழுவாத தாழி அடுத்த வருஷத்து ஒயினையும் கெடுத்துவிடும்.

நான் போன வீட்டில் ஐந்து மூடிகள். அதில் மூன்று தாழி காலி. வீட்டுப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. உள்ளே இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை. மகன் ஜெர்மனியில். கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று கேட்டேன். மொழிபெயர்த்த டிரைவர் சிரித்தார், பெரியவர் சிரிக்கவில்லை. "என் அப்பா இறங்கிய தாழி" என்றார். நான்காவது, இந்த வருஷத்துச் செலவுக்கு. ஐந்தாவதை மூடி நான்கு வருஷமாகிறது. பேத்தியின் கல்யாணத்துக்காம். பேத்தி திபிலீசியில் கல்லூரியில் படிக்கிறாள். கல்யாணப் பேச்சையே எடுக்க விடுவதில்லை என்று பாட்டியம்மா குறைப்பட்டுக்கொண்டே, திராட்சைச் சாறில் தோய்த்துக் காயவைத்த வால்நட் சரத்தை நறுக்கி என் தட்டில் வைத்தார்.

பெரியவர் குனிந்து, ஐந்தாவது மூடியின் ஓரத்தில் விரிசல் விட்டிருந்த இடத்தில் கொஞ்சம் ஈரக் களிமண்ணை வைத்து அழுத்தினார்.