மே மாதத்தில் வராதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலர் மே மாதத்தில்தான் வருகிறார்கள். பள்ளி விடுமுறை அப்போதுதானே கிடைக்கிறது! 44 டிகிரி வெயிலில் செங்கோட்டையும் குதுப்மினாரும் பார்த்துவிட்டு, ஆக்ராவுக்கு ஒரு நாள், ஹரித்துவாருக்கு ஒரு நாள் என்று ஓடுகிறார்கள். யாத்திரைக் குழுவோடு வருகிறவர்களுக்குச் சமையல்காரரும் கூடவே வந்துவிடுகிறார். அரிசி, புளி, சாம்பார்ப் பொடி எல்லாம் மூட்டையாக ரயிலிலேயே வரும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்கு வெளியூரில் பழகிய சோறு கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, இந்த ஊரையே என் ஊராக நினைக்கிற எனக்கு, உறவுக்காரர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் மனசு குறைப்படும். தில்லி என்ன சாப்பிடுகிறது என்பதைப் பார்க்காமலே போகிறார்களே!

தில்லியில் என்ன சாப்பிடலாம் என்று கேட்கிறவர்கள் கடைப் பெயர்களை எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் மாதத்தைச் சொல்வேன், பிறகு மணியை. கடை அதற்கப்புறம்தான். இந்த ஊரின் நல்ல சாப்பாடு எல்லாமே பருவத்துக்கும் பொழுதுக்கும் கட்டுப்பட்டது.

தௌலத் கீ சாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் சாட் இருந்தாலும் காரம், புளிப்பு எதுவும் கிடையாது. அது பால் நுரை, அவ்வளவுதான். பாலும் பாலேடும் கலந்து, இரவெல்லாம் குளிரில் வைத்து, விடியும் முன் கடைகிறார்கள். கடையக் கடைய மேலே பொங்கி வரும் நுரையை மட்டும் அள்ளி அகலமான பாத்திரத்தில் அடுக்குகிறார்கள். குங்குமப்பூவின் மஞ்சள் மேலே படர்ந்திருக்கும். நாம் கேட்டதும் ஒரு தொன்னையில் எடுத்து, பொடித்த சர்க்கரையும் உதிர்த்த கோவாவும் பிஸ்தாச் சீவலும் தூவித் தருவார்கள். வாயில் வைத்தால் மெல்லுவதற்கு எதுவுமே இருக்காது. இனிப்பும் குங்குமப்பூ மணமும் தங்கும், நுரை போய்விடும். கினாரி பஜார், நயீ சடக் பக்கம் மூங்கில் முக்காலியின் மேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு காலையில் நிற்பார்கள். விற்கிறவர்களில் பலர் உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கென்று வருகிறவர்கள். தீபாவளி கழிந்த பிறகு தலைகாட்டுவார்கள், ஹோலியோடு காணாமல் போவார்கள். லக்னோவில் இதே பொருளுக்கு மக்கன் மலாய் என்றும் காசியில் மலையோ என்றும் பெயர்.

பனி விழுந்தால்தான் நுரை நிற்கும் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாலிலுள்ள கொழுப்பு குளிரில் கொஞ்சம் இறுகினால்தான் காற்றுக் குமிழ்களைத் தாங்கிப் பிடிக்கும். வெயில் ஏறினால் நுரை தணிந்து வெறும் பாலாகிவிடும். அதனால்தான் இந்தப் பண்டத்துக்குக் காலை வேளை, அதுவும் தை மாதத்துக் காலை வேளை.

டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது, அவள் கியூபெக் பக்கத்து மேப்பிள் பாகைப் பற்றிச் சொன்னாள். அங்கே குளிர்காலம் முடிகிற சில வாரங்கள், இரவில் உறைபனியும் பகலில் உருகும் வெயிலுமாக மாறி மாறி வரும்போதுதான் மேப்பிள் மரத்தில் நீர் ஊறி இறங்குமாம். ஏறக்குறைய 40 லிட்டர் மரநீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் காய்ச்சி, சுத்தமான பனியின் மேல் கோடாக ஊற்றி, இறுகும்போது குச்சியில் சுருட்டித் தின்பார்களாம். அந்த மண்ணின் பழங்குடிகளிடமிருந்து ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்டது மரநீர் எடுக்கும் வித்தை. "பாட்டிலில் வருஷம் முழுக்கக் கிடைக்குது சித்தப்பா, ஆனா பனி மேல ஊத்தித் திங்கிறதுக்கு அந்த வாரத்துல அங்கே போகணும்" என்றாள். நான் இருபது வருடமாக ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான்.

நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பும் அப்படியே. ஜாமா மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களில், முந்தின மாலை அடுப்பேற்றிய அண்டா இரவெல்லாம் மெல்லிய தணலில் இருக்கும். பெரும்பாலும் எருமை இறைச்சி. கெண்டைக்கால் சதையும் எலும்பும் மசாலாவும் சேர்ந்து விடியும்போது குழம்பு பிசின் பிடித்திருக்கும். நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு நிஹாரியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். அதைவிடக் கெட்டி, அதைவிடக் காரம், இடியாப்பத்துக்குப் பதில் புளித்த மாவில் சுட்ட கமீரி ரொட்டி. மேலே இஞ்சிச் சீவல், பச்சை மிளகாய், எலுமிச்சை. சில கடைகளில் நேற்றைய அண்டாவில் மிச்சமான குழம்பை இன்றைய அண்டாவில் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஹவேலி ஆஜம் கானில் ஹாஜி ஷப்ராத்தி கடை, காலையில் போக வேண்டியது. டிலைட் சினிமாவுக்குப் பின்னால் கல்லு நிஹாரி மாலையில் திறக்கும், சீக்கிரமே தீர்ந்துவிடும். இரண்டிலும் உட்கார்ந்து சாவகாசமாகப் பேச இடம் இருக்காது. சாவகாசம் வேண்டுமென்றால் ஹாஜி கரீமுத்தீன் 1913-இல் தொடங்கிய கரீம்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. முகலாயர் அரண்மனைச் சமையல் வழிவந்தவர்கள் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் வரலாறு.

புலால் உண்ணாதவர்கள் பழைய தில்லி நமக்கில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இது எனக்குப் பொறுக்காத விஷயம். ஷாஜஹான் கட்டிய அந்த நகரத்தில் ஜாமா மசூதிப் பக்கம் எவ்வளவு பழையதோ, சாந்தினி சௌக்கின் சமண, பனியா வீதிகளும் அவ்வளவு பழையவை. பராட்டே வாலி கலியில் இன்றும் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. பராட்டாவைக் கல்லில் சுடாமல் நெய்யில் பொரித்து எடுப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பராட்டாவைவிட பேட்மி பூரிக்குத்தான் முதல் இடம். உளுத்தம்பருப்பைக் கரகரப்பாக அரைத்து, சோம்பும் மிளகாயும் சேர்த்து, கோதுமை மாவுக்குள் வைத்துப் பொரிப்பது. பெருங்காயம் தூக்கலாக இருக்கும் உருளைக்கிழங்குக் குழம்பும் வெந்தய ஊறுகாயும் அதற்குத் துணை. சாவ்டி பஜாரில் ஷ்யாம் ஸ்வீட்ஸில் பேட்மியோடு நாகோரி ஹல்வாவும் கிடைக்கும். நாகோரி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் மொறுமொறுப்பான ரவைப் பூரி. அதை உடைத்து, உள்ளே சூடான கேசரியை வைத்துச் சாப்பிட வேண்டும். இதுவும் காலைப் பலகாரம்தான்.

கடைகளில் கிடைக்காத தில்லிச் சாப்பாடு ஒன்று உண்டு. அதை நான் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரு மாதுர் காயஸ்தக் குடும்பம். முகலாயர் காலத்திலிருந்து கணக்கும் எழுத்தும் பார்த்த சமூகம் அது. பாரசீகம் படித்த ஆண்கள் தர்பார்ப் பழக்கத்தில் இறைச்சி உண்டார்கள். பல வீடுகளில் பெண்கள் உண்ணவில்லை. ஆனால் சமைத்தது பெண்கள். அதனால் அந்த அடுப்பில் இறைச்சிக்கு இணையாகக் காய்கறியிலும் பருப்பிலும் ஒரு தனிச் சமையலே வளர்ந்தது. கடலைமாவை உருட்டி வேகவைத்து, காசு காசாக அரிந்து, மசாலாக் குழம்பில் போடுவது தக்கே பைசே. ஊறவைத்த பாசிப்பருப்பை அரைத்து, வேகவைத்துத் துண்டு போட்டு, ஈரல் வறுவல் மாதிரியே மசாலா ஏற்றுவது தால் கீ கலேஜி. பலாக்காயிலும் வாழைக்காயிலும் கபாப். அந்த வீட்டு ஆன்ட்டி கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தால், அம்மா அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டாள். அடையோ பொரிச்ச கூட்டோ ஏதாவது இருக்கும். "உங்க ஆளுங்க புளியைப் போட்டா நாக்கு முழிச்சுக்குது" என்று ஆன்ட்டி இந்தியில் சொன்னதை அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அனூதி விஷால் தன் பாட்டியின் சமையலை வைத்து இந்தக் காயஸ்தச் சமையலைப் பற்றி 2016-இல் ஒரு புத்தகம் எழுதினார். அது வந்தது பெரிய நன்மை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் சமையலுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாட்டி போனால் அதுவும் போய்விடும்.

குளிர்காலம் எங்கள் வீட்டுச் சமையலையும் மாற்றிவிட்டது. டிசம்பரில் தோசை மாவு புளிக்காது. கம்பளி சுற்றி வைக்க வேண்டும். ஆனால் அந்தக் குளிரில்தானே சிவப்புக் காரட் வருகிறது! தில்லியின் காரட் ஹல்வாவுக்கு அந்த நீண்ட சிவப்புக் காரட்டுதான் வேண்டும், ஆரஞ்சுக் காரட்டில் அந்த இனிப்பு வராது. காரட்டுக் குவியலின் பக்கத்திலேயே கருநீலக் காரட்டும் இருக்கும். அதைக் குச்சி குச்சியாக நறுக்கி, தண்ணீர், உப்பு, மிளகாய்ப் பொடி, பொடித்த கடுகு சேர்த்து ஜாடியில் போட்டு வெயிலில் வைப்பார்கள். சில நாளில் அடர் ஊதாவாகப் புளித்த பானம் கிடைக்கும், காஞ்ஜி. கடுகு மூக்கில் ஏறும். தெருமுனையில் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அதன்மேல் நட்சத்திரப்பழத் துண்டும் எலுமிச்சையும் மசாலாவும். பாசிப்பருப்பு வடையின் மேல் முள்ளங்கித் துருவல் குவித்துத் தரும் ராம் லட்டு. பிப்ரவரிக்குள் இவற்றையெல்லாம் சாப்பிட்டுவிட வேண்டும்.

வெளியூரில் தில்லிச் சாப்பாடு என்று புகழ் பெற்றிருக்கும் பட்டர் சிக்கனும் சோலே பட்டூராவும் பிற்பாடு வந்தவை. 1941-இல் ஒன்பது லட்சமாக இருந்த தில்லி மக்கள்தொகை 1951-இல் பதினேழு லட்சத்தைத் தாண்டியது. பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் தங்கள் தந்தூர்ச் சமையலைக் கொண்டுவந்தார்கள். பெஷாவரிலிருந்து வந்த குந்தன்லால் குஜ்ராலும் குந்தன்லால் ஜக்கியும் தரியாகஞ்சில் மோத்தி மஹலை நடத்தினார்கள். பட்டர் சிக்கனை முதலில் சமைத்தது யார் என்ற கேள்வி 2024-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காக நின்றது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களின் கைப்பக்குவம் அது, மரியாதையோடு சாப்பிட வேண்டியது. ஆனால் அது இன்று சென்னையிலும் மதுரையிலும் கிடைக்கிறது. அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

மே மாதத்தில் மட்டுமே வர முடிகிறவர்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும். பால்சா என்று ஒரு சின்ன ஊதாப் பழம் தள்ளுவண்டியில் வரும். உப்புப் போட்டுக் குலுக்கித் தருவார்கள், சில நாளே இருக்கும். மெலிந்து வளைந்த ககடி வெள்ளரிக்காய். ரூஹ் அஃப்சா சர்பத் பழைய தில்லியில் பிறந்தது. ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் 1906-இல் ஹம்தர்த் யுனானி மருந்தகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே கோடை வெப்பம் தணிக்க அதைத் தயாரித்தார். பிரிவினைக்குப் பின் அவருடைய மகன்களில் ஒருவர் தில்லியில் நிலைக்க, இன்னொருவர் கராச்சி சென்று 1948-இல் அங்கே ஒரு ஹம்தர்தைத் தொடங்கினார். ஜாமா மசூதி வாசலில் ரூஹ் அஃப்சாவைப் பாலில் கலந்து, தர்பூசணித் துண்டுகள் மிதக்கத் தருவார்கள். ஜூன் கடைசி வரை தங்க முடிந்தால், புது தில்லியின் அகலச் சாலைகளில் நாவல் மரங்கள் பழம் உதிர்க்கத் தொடங்கும். துணி விரித்துப் பிடித்துக் கிளையை உலுக்குவார்கள். அக்பர் சாலையில் வரிசையாக நிற்பவை புளியமரங்கள். தில்லிக்காரர்களுக்கு அவற்றின்மேல் அவ்வளவு ஆசையில்லை. நம்மவர்கள்தான் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

எனக்கு ஒரு கவலை உண்டு. தௌலத் கீ சாட்டை இப்போது ஐஸ் கட்டியின் மேல் பாத்திரம் வைத்துக் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். சில பெரிய உணவகங்களில் எந்த மாதம் கேட்டாலும் கிடைக்கிறது. வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவர் ஐஸை நாடினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஜூலையில் ஏசி அறையில் அதைச் சாப்பிட்டவருக்கு அது இன்னொரு இனிப்பு மட்டும்தான். விரல் விறைக்கும் குளிரில், ஜரிகைக் கடைகளுக்கு நடுவில் நின்று, கரைவதற்குள் சாப்பிட வேண்டும் என்ற அவசரத்தோடு சாப்பிட்டவர் வேறு ஏதோ ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறார். பருவத்தை எடுத்துவிட்டால் அந்த நுரையில் பாலும் சர்க்கரையும்தானே மிச்சம்?

ஆகவே, ஜனவரிக் கடைசியில் வாருங்கள். நல்ல கம்பளிச் சட்டை, காதுக்கு மறைப்பு, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் முகக்கவசமும் கொண்டுவர வேண்டும். குளிர்காலத்தில் இந்த ஊர்க் காற்று மோசம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் மூடியிருப்பதால் நடப்பது சுலபம். மெட்ரோ மஞ்சள் தடத்தில் சாவ்டி பஜாரில் எட்டு மணிக்கு இறங்கினால், முதலில் பேட்மி, பிறகு நாகோரி, அங்கிருந்து நயீ சடக் வழியாகக் கினாரி பஜாருக்கு நடை. நுரை விற்கிறவர் எங்கே நிற்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டே போனால் யாராவது கை காட்டுவார்கள். இறைச்சி உண்பவர்கள் இந்த வரிசைக்கு முன்பே, ஏழு மணிக்கே ஜாமா மசூதிப் பக்கம் நிஹாரியில் தொடங்க வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.