கை நீட்டி நிற்கும் வேலை

குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை மீன்பிடி போட்டுகள் ஒருமுறை கிளம்பினால் கரை திரும்ப வாரக்கணக்காகும். சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் வெகுதொலைவு போகிறவை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இவற்றில் பலவும் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. சிறு போட்டின் வயர்லெஸ் அடிவானத்தைத் தாண்டி அதிகம் பேசாது.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு போட்டில் ஆபத்துக்காலப் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். போட்டை நடத்துகிற ஸ்ராங்க்தான் வாத்தியார். "லைஃப் ஜாக்கெட் எங்கலே கெடக்கு?" என்றார். அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு பையன் இழுத்து எடுத்தான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மாட்டிக்கொண்டதும் ஸ்ராங்க் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினார். ஜாக்கெட் பையனின் காதுவரை ஏறிவிட்டது. கால்களுக்கிடையே கட்டும் வாரைக் கட்டியிருக்கவில்லை. "தண்ணிக்குள்ள இது ஒன் மூஞ்சியத்தான் மூடும் மக்கா, ஒன்னத் தூக்காது."

அடுத்து, போட்டைக் கிளப்பிக்கொண்டு போய், ஒரு காலிக் கன்னாசைக் கடலில் வீசி, "ஆள் விழுந்தாச்சு!" என்று கத்தினார். அத்தனை பேரும் ஓடினார்கள். ஒருவன் கயிறு, ஒருவன் மிதவை. திரும்பிப் பார்த்தால் கன்னாசு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அலையடங்கிய துறைமுகத்துக்குள்ளேயே இந்த நிலை! வெளியே இரண்டு அலை எழுந்தால் மனிதத் தலை மறைந்துபோகும். ஆகவே ஒருவர் வேறு எதையும் தொடக் கூடாது. விழுந்தவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அந்த வேலை சமையல்காரருக்கு. ஸ்ராங்க் அந்தக் கையைப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்பினார். கிட்ட நெருங்கியதும் விசிறி சுற்றாதபடி எஞ்சினை நியூட்ரலில் போட்டார். போட்டில் பாதிப் பேர் வடமாநிலத்தவர். தமிழில் 'இழு', 'விடு' தாண்டி அதிகம் புரியாது. நீட்டிய கை எல்லாருக்கும் புரிந்தது.

வயர்லெஸ் பாடம் சீக்கிரம் முடிந்தது. 16ஆம் சேனலில் மும்முறை 'மேடே', போட்டின் பெயர், இருப்பிடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இருப்பிடம் கேட்டால் நம்மவர்கள் 'இத்தனை பாகம்' என்று ஆழத்தைச் சொல்லிவிடுகிறார்கள். போகிற கப்பல்காரனுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைதான் வேண்டும். ஆழ்கடலுக்கு நம்பக்கூடியது இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி. அது செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குச் சேதி அனுப்பும். 2024இல் வந்த புதிய வகை, 'கிடைத்தது' என்று பதிலும் தருகிறது. காத்திருப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு!

ஆனால் ஜாக்கெட் வழக்கு தீரவில்லை. "தூண்டில் வலிக்கையில முள்ளு இதுல மாட்டுனா நானே கடலுக்குள்ள போவேன் அண்ணே" என்றார் ஒரு மூத்தவர். நியாயம்தான். விழுந்ததும் காற்றடைத்து ஊதிக்கொள்ளும் மெல்லிய வகை இருக்கிறதே என்றேன். "அத ஓனர்ட்ட சொல்லுங்க சார்" என்றார் ஸ்ராங்க். ஓனர் டீசல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.