பொறியும் பரிவும்

நீரிழிவு நோய் விழித்திரையை மெல்ல மெல்லக் கெடுக்கும் இயல்பினது. தொடக்கத்தில் வலியும் இராது, பார்வையும் மங்காது. மங்கிய பின்னர் மருத்துவரை நாடுவோர், இழந்த பார்வையை மீளப் பெறுதல் அரிது.

இவ்விடரை முன்னரே காட்டச் செயற்கை நுண்ணறிவு துணை வந்துள்ளது. கண் மருத்துவம் வல்லார் 54 பேர் ஆராய்ந்து குறித்த 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணிப்பொறியைப் பயிற்றிய ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அவற்றுள் அடங்கும். அப்பொறி நோயின் குறியைத் தேர்ந்த மருத்துவர்க்கு நிகராகக் கண்டுகொண்டது.

ஆயினும், "எனக்குக் கண் நன்றாகத் தெரிகின்றதே! நோய் எங்ஙனம் இருத்தல் கூடும்?" என்று முதியவர் ஒருவர் வினவின், பொறி யாது செய்யும்? அருகமர்ந்து, அவர்தம் அச்சத்தைச் செவிமடுத்து, படத்தைக் காட்டி விளக்கி, மருத்துவத்திற்கு இசைவிக்கும் செவிலியே அவர் பார்வையைக் காப்பவர். இசையாதவர்க்குப் பொறி கண்ட உண்மையால் பயன் யாது?

அம்மருத்துவமனையை 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவர் வெங்கடசாமி, இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணப்பெற்றவர். அவ்விரல்களாலேயே கண் அறுவை பயின்றவர். நோயின் துன்பத்தை அவர் தாமே நுகர்ந்தறிந்தார். பொறிக்கு அவ்வறிவு வாய்ப்பதில்லை. ஆகவே, பொறி மிச்சப்படுத்தித் தரும் பொழுதை நோயாளியின் அருகிற் செலவிடுதல் மருத்துவர்தம் கடனாகும்.